வகுப்பறை விதிகளை எந்த வரிசையில் கொண்டுவருவது: நடுநிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூனில் பள்ளி திறந்த அன்றைக்கே சார்ட் வாங்கி, அழகான கையெழுத்தில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுகிற புது ஆசிரியர்களை வருடா வருடம் பார்க்கிறேன். ஆடி பிறக்கும்போது அந்தச் சார்ட்டைப் பிள்ளைகளும் பார்ப்பதில்லை, ஆசிரியரும் பார்ப்பதில்லை. அப்புறம் குரல் உயர்கிறது, மேசையில் ஸ்கேல் தட்டுகிற சத்தம் கேட்கிறது. ‘இந்தப் பசங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

நானும் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். பல்லடம் பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 14 விதிகள். அத்தனையும் ‘கூடாது’ என்று முடியும். விதிகளில் இருந்த தவறைவிட, எழுதிய நேரம்தான் பெரிய தவறு. பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாத அன்றைக்கு, அவர்களிடம் எதுவும் கேட்காமல், எதையும் செய்து காட்டாமல் எழுதிவிட்டேன்.

இந்த வழிகாட்டியில் விதி எழுதுவது நான்காவது வேலை. பள்ளி திறந்த நாளிலிருந்து ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள் வரைக்கும் முதல் ஏழு வேலைகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். பாடம் பின்தங்கிவிடுமே என்று பயப்பட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வருடத்துக்கு 220 வேலை நாட்கள் என்கிறது. தினம் 10 நிமிடம் சத்தத்தை அடக்குவதிலேயே போனால் 2,200 நிமிடம். 40 நிமிடப் பீரியடாகக் கணக்குப் போட்டால் 55 பீரியடு.

1. பள்ளி திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பெயர்ப் பட்டியல். பதிவேட்டில் உள்ள பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், வீட்டில் பேசும் மொழி, சாயங்காலம் வீட்டில் யார் இருப்பார்கள் என்று நான்கு பத்தி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா பேசும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருவது சாதாரணம். இது தெரியாமல் ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று ஒரு பிள்ளையைப் பற்றி முடிவு கட்டிவிடக் கூடாது. சொன்னது அவனுக்குப் புரியாமலே இருந்திருக்கலாம்.

போன வருட வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். கண்பார்வை, காது, மாத்திரை சாப்பிடும் பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை, வீட்டில் துக்கம் நடந்த பிள்ளை, இவற்றைக் கேளுங்கள். ‘யார் சேட்டை?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பெயர் காதில் விழுந்துவிட்டால், முதல் நாளே உங்கள் கண் அவனைத்தான் தேடும். அவனும் அதைக் கண்டுபிடித்துவிடுவான்.

தலைமையாசிரியரிடம் பள்ளிக்கான பொது விதிகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாசல் கேட்டை எப்போது பூட்டுவார்கள், தாமதமாக வந்தால் என்ன நடைமுறை, செல்போன் விஷயம். வகுப்பு விதி இவற்றோடு மோதினால் முதல் மாதத்திலேயே உங்கள் பேச்சு எடுபடாமல் போய்விடும்.

அப்புறம் வகுப்பறையைப் போய்ப் பாருங்கள், வெறும் அறையாக இருக்கும்போதே. குப்பைத்தொட்டி இருக்கிறதா, செருப்பு விட இடம் எங்கே, தண்ணீர் எங்கே, கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை தெரிகிறதா. தொட்டியே இல்லாத அறையில் ‘குப்பையைத் தொட்டியில் போட வேண்டும்’ என்று எழுதுவது பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்குகிற வேலை. பொருள் வாங்குவது முதலில், விதி பிறகு.

கடைசியாக, நீங்கள் எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க முடியாத இரண்டு மூன்று விஷயங்களை உங்கள் நோட்டில் எழுதுங்கள். என்னுடையவை: யாரையும் அடிக்கக் கூடாது, யார் பிறப்பையும் சொல்லிப் பேசக் கூடாது, தப்பு விடைக்குச் சிரிக்கக் கூடாது. மீதி எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில் விடலாம். இதைத் தனியாக எழுதி வைக்காதவர்கள் பிள்ளைகளோடு பேசும்போது எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை.

2. முதல் நாள்: பெயரும் குரலும்

முதல் நாள் விதி பேச வேண்டாம். வாசலில் நில்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் கேட்டு, அதே பெயரைத் திரும்பச் சொல்லி உள்ளே அனுப்புங்கள். 35 பேருக்கு ஐந்து நிமிடம் ஆகும். வெள்ளிக்கிழமைக்குள் எல்லார் பெயரும் மனப்பாடம் ஆக வேண்டும். ‘ஏய், மூணாவது பெஞ்சு’ என்று கூப்பிடுகிறவரிடம் மூன்றாவது பெஞ்சு முழுக்கச் சேர்ந்துகொள்ளும்.

பட்டப்பெயரை நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள், பாசமாகக்கூட. ஆசிரியர் வாயில் ஒருமுறை வந்தால் அது வகுப்புக்கே அனுமதி ஆகிவிடும்.

நம் கொங்குப் பேச்சின் ‘ங்க’ ஒரு பெரிய வசதி. சின்னப் பிள்ளையையும் ‘வாங்க கண்ணு, உக்காருங்க’ என்று சொல்வது இங்கே செயற்கையாகத் தெரியாது. மரியாதையைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லாமல் அந்த இரண்டு எழுத்தே பாதி வேலையைச் செய்துவிடும். தென்மாவட்டத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு ஆசிரியர், பிள்ளைகள் ‘ஏனுங் சார்’ என்று இழுத்ததைக் கிண்டல் என்று நினைத்து ஒரு வாரம் கோபமாக இருந்தார். அவர் பாசமாக ‘ஏலே’ என்று கூப்பிட்டதைக் கேட்டுப் பிள்ளைகள் பயந்துபோயிருந்தார்கள். இரண்டு பக்கமும் தப்பு இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே பிள்ளைகளிடம் கேட்டுவிடலாம்: உங்க ஊர்ல மரியாதையா எப்படிக் கூப்பிடுவீங்க?

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தறிக்குடோனை ஒட்டின வீட்டில் வளர்கிற பிள்ளைகள் உரக்கத்தான் பேசுவார்கள். பகலும் இரவும் விசைத்தறி ஓடுகிற இடத்தில் மெதுவாகப் பேசினால் பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கே கேட்காது. புதிதாக வருகிறவர்கள் அந்தக் குரலைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பழக்கம். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல், குழுவுக்குக் கேட்கிற குரல், வகுப்பு முழுக்கக் கேட்கிற குரல் என்று மூன்றையும் பேச வைத்துப் பழக்கினால் இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

3. முதல் வாரம்: நடைமுறைகளைப் பாடமாக நடத்துங்கள்

விதியும் நடைமுறையும் வேறு வேறு. ‘ஒருவர் பேசும்போது கேட்க வேண்டும்’ என்பது விதி. ‘நோட்டை எந்த வரிசையில் சேர்த்து எங்கே வைப்பது’ என்பது நடைமுறை. வகுப்பில் நடக்கும் சச்சரவில் பெரும்பகுதி நடைமுறை இல்லாததால் வருவது. அதைக் கெட்ட நடத்தை என்று நினைத்து விதி போட்டால் தீராது.

ஐந்து நடைமுறை போதும். இந்த வரிசையில் சொல்லிக்கொடுங்கள்.

முதலாவது, அமைதிக்கான சைகை. கையைத் தூக்கி நிற்பதோ, மூன்று தட்டு கைத்தட்டலோ, உங்களுக்கு வசதியானது ஒன்று. இது முதலில் வர வேண்டும், ஏனென்றால் மற்ற நான்கையும் சொல்லிக்கொடுக்க இது தேவை. சைகை காட்டியபின் கடைசிப் பிள்ளை அமைதியாகிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள். பாதிப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தால், சைகைக்கு அர்த்தம் இல்லை என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது, உள்ளே வந்ததும் செய்யும் வேலை. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். வருகைப்பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும், நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆசிரியர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், அந்த ஐந்து நிமிடத்தில் வகுப்பு சந்தை ஆகிவிடும். பிள்ளைகள் வருவதற்கு முன்பே கரும்பலகையில் ஒரு சின்ன வேலை இருக்க வேண்டும். இரண்டு கணக்கு, ஒரு படம் வரைதல், நேற்றைய பாடத்திலிருந்து மூன்று சொல். திருத்த வேண்டியதில்லை. கைக்கு வேலை இருந்தால் போதும்.

மூன்றாவது, தண்ணீரும் கழிப்பறையும். ‘பீரியடு நடக்கும்போது போகக் கூடாது’ என்று முதல் வருடம் நான் போட்ட விதியை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது. கேட்கக் கூச்சப்பட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் ஒரு பெண் பிள்ளை இருந்திருக்கிறாள். அவள் அம்மா வந்து சொல்லித்தான் தெரிந்தது. அப்போதிருந்து கதவோரம் இரண்டு அட்டை தொங்குகிறது. ஒன்று பெண்களுக்கு, ஒன்று பையன்களுக்கு. அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். திரும்பி வந்து மாட்ட வேண்டும். ஒரே நேரத்தில் கூட்டமாகப் போவதும் நின்றது, கேட்கிற கூச்சமும் நின்றது.

நான்காவது நோட்டு சேர்ப்பதும் கொடுப்பதும். ஐந்தாவது மணி அடித்ததும் கிளம்புவது. இரண்டையும் பெஞ்சு வாரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிக்கொடுக்கும் முறை முக்கியம். வாயால் சொன்னால் ஆகாது. நீங்கள் செய்து காட்டுங்கள். ஒரு பிள்ளையைத் தவறாகச் செய்து காட்டச் சொல்லுங்கள், எது தவறு என்று வகுப்பு சொல்லட்டும். பிறகு எல்லாரும் செய்யட்டும். சரியாக வராவிட்டால் திட்டாமல் ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்று மறுபடி. வாய்ப்பாட்டை ஒரு தடவை சொன்னதும் வந்துவிடும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை. நோட்டு அடுக்குவதும் அப்படித்தான், ஐந்து நாள் தொடர்ந்து பழக வேண்டும்.

4. இரண்டாம் வாரம்: பிள்ளைகளோடு விதி எழுதுதல்

இதற்கு இரண்டு பீரியடு வேண்டும், வெவ்வேறு நாளில். ஒரே நாளில் முடித்தால் சத்தமாகப் பேசும் நான்கு பேரின் விதிகள்தான் மிஞ்சும்.

முதல் பீரியடில் ஆளுக்கு இரண்டு துண்டுச்சீட்டு. ஒன்றில், போன வருடம் வகுப்பில் எப்போது சந்தோஷமாக இருந்தீர்கள். இன்னொன்றில், எப்போது வீட்டுக்கே போய்விடலாம் என்று தோன்றியது. பெயர் எழுத வேண்டாம். தமிழ் எழுத வராத பிள்ளை தன் மொழியில் எழுதலாம், படம் போடலாம், உங்கள் காதில் வந்து சொல்லலாம். சீட்டுகளை அன்றைக்கு வகுப்பில் படிக்காதீர்கள். கையெழுத்தை வைத்து யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள்.

எனக்கு வந்த சீட்டுகளில் சில: ‘தப்பாச் சொன்னா எல்லாரும் சிரிச்சாங்க.’ ‘என்ற பேனாவக் கேக்காம எடுத்துட்டாங்க.’ (‘என்ற’ என்றால் இங்கே ‘என்னுடைய’.) ‘கருப்பின்னு கூப்பிடறாங்க.’ ஒன்றில், ‘டீச்சர் எனக்குக் கேள்வியே கேக்கறதில்ல’ என்று இருந்தது. சண்டை, சத்தம் என்று எழுதுவார்கள் என நினைத்திருந்தேன். பெரும்பாலும் அவமானத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். என்னுடைய பழைய 14 விதிகளில் ஒன்றுகூட அதைத் தொட்டிருக்கவில்லை.

இரண்டாம் பீரியடில், சீட்டில் வந்த கஷ்டங்களை உங்கள் கையெழுத்தில், பெயர் தெரியாதபடி, கரும்பலகையில் எழுதுங்கள். ஐந்து ஐந்து பேராகக் குழு. பையன்களும் பெண்களும், வெவ்வேறு வீதிப் பிள்ளைகளும் கலந்து இருக்கட்டும். ‘இந்தக் கஷ்டம் வராமல் இருக்க நாம் என்ன செய்யோணும்?’ என்பதுதான் கேள்வி. குழுவுக்கு மூன்று விதி.

இந்த இடத்தில் புது ஆசிரியர்கள் திகைத்துப்போகிற ஒன்று நடக்கும். பிள்ளைகள் விதி சொல்லாமல் தண்டனை சொல்வார்கள். ‘பேசுனா முட்டி போட வைக்கோணும்’, ‘பத்து ரூபா ஃபைன்’. அவர்கள் பார்த்தது அதுதான். கோபப்பட வேண்டாம். ‘அதை அடுத்த வாரம் பேசலாம், இன்னைக்கு என்ன செய்யோணும்னு மட்டும் சொல்லுங்க’ என்று திருப்பிவிடுங்கள்.

எல்லாக் குழுவின் விதிகளையும் சேர்த்தால் 20 வரும். ஒரே மாதிரி இருப்பவற்றை இணைத்து நான்கு அல்லது ஐந்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் போனால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஒவ்வொரு விதியையும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்கிறதா? ‘ஓடாதே’ என்றால் குதித்துப் போகலாமா என்று ஒரு பிள்ளை கேட்பான், கேட்பது நியாயம்தான். ‘வராண்டாவில் நடந்து போகோணும்’ என்றால் குழப்பம் இல்லை. கண்ணால் பார்க்க முடிகிறதா? ‘ஒழுக்கமாக இரு’ என்பதை யாரும் பார்த்துச் சரியா தவறா என்று சொல்ல முடியாது. ஆசிரியருக்கும் பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

ஒரு வருடம் எங்கள் வகுப்புச் சுவரில் இருந்தவை:

ஒருத்தர் பேசறப்ப மத்தவங்க கேக்கோணும்.
பேரைச் சொல்லிக் கூப்பிடோணும்.
அடுத்தவங்க பொருளைக் கேட்டுட்டு எடுக்கோணும்.
தப்பு விடையா இருந்தாலும் கடைசி வரைக்கும் சொல்ல விடோணும்.
கை நீட்டாம வாயில சொல்லோணும்.

சுவரில் பேச்சுத் தமிழ் இருக்கலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்ப் பாட வேளையில் பிள்ளைகளே அந்த ஐந்தையும் எழுத்துத் தமிழுக்கு மாற்றி, பக்கத்திலேயே இன்னொரு சார்ட்டில் எழுதினார்கள். ஆனால் மேலே இருப்பது அவர்கள் வாயில் வந்த சொல்தான். சண்டை வரும்போது ‘கை நீட்டாம சொல்லோணும்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அந்தச் சொல்லை வைத்துத்தான்.

இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு படம், அதன் கீழே அந்தப் பிள்ளையே தன் எழுத்தில் எழுதட்டும். பனியன் கம்பெனி வேலைக்காகக் குடும்பத்தோடு திருப்பூர் வந்த ஒரு பையன், இரண்டு மாதம் வாயே திறக்காமல் இருந்தவன், சார்ட்டில் தன் எழுத்தை எழுதிய அன்றைக்குத்தான் கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

கடைசியில் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நீங்களும்தான்.

5. மீறினால் என்ன செய்வது

விதி எழுதி ஒரு வாரம் கழித்து இதைப் பேசுங்கள். விதியோடு சேர்த்துப் பேசினால் பிள்ளைகளுக்குத் தண்டனை மட்டுமே நினைவில் நிற்கும்.

செய்யக் கூடாதவை முதலில். கல்வி உரிமைச் சட்டம், 2009, 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. அடிப்பது மட்டும்தான் தவறு என்று பலர் நினைக்கிறார்கள். முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, எல்லார் முன்னும் கேவலமாகப் பேசுவது எல்லாமே இதில் அடங்கும்.

சட்டம் பெயர் சொல்லாத சில பழக்கங்களையும் விட வேண்டும். நூறு தடவை எழுதச் சொல்வது எழுத்தையே தண்டனை ஆக்கிவிடும். அபராதம் போட்டால் அது அப்பா அம்மாவின் கூலியிலிருந்து போகும், காசு உள்ள பிள்ளைக்கு உறைக்காது. விளையாட்டுப் பீரியடை நிறுத்தினால், ஓடி ஆட வேண்டிய தேவை அதிகம் உள்ள பிள்ளைதான் உட்கார்ந்திருப்பான்.

லீடர் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ பட்டியல் எழுதுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். நண்பன் பெயர் விட்டுப்போகும், பிடிக்காதவன் பெயருக்கு மூன்று பெருக்கல் குறி விழும். ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளுக்குப் போலீஸ் ஆக்கிவிட்டு, நம் வகுப்பு ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது நான்கு படி. முதல் தடவை, பாடத்தை நிறுத்தாமல் அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் நில்லுங்கள், பெரும்பாலும் இதுவே போதும். இரண்டாவது, குனிந்து அவனுக்கு மட்டும் கேட்கும்படி விதியை நினைவுபடுத்துங்கள். மூன்றாவது, பீரியடு முடிந்ததும் இரண்டு நிமிடம் தனியாகப் பேசுங்கள். நான்காவது, தலைமையாசிரியரும் பெற்றோரும். எல்லார் முன்னும் கேட்டால், அவன் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டான், தன் நண்பர்களுக்குச் சொல்வான்.

செய்த தவறோடு சம்பந்தம் உள்ள ஈடு கேளுங்கள். கொட்டியவர் துடைக்கட்டும், எடுத்தவர் திருப்பிக் கொடுத்துக் கேட்கட்டும். இரண்டு பேர் சண்டை என்றால், சூடு தணிந்த பிறகு மூன்று கேள்வி: என்ன ஆச்சு? யாருக்கு என்ன கஷ்டம் ஆச்சு? இப்ப என்ன செஞ்சா சரியாகும்? ‘ஏன் செஞ்சே?’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்வி பிள்ளையைப் பொய் தேட வைக்கும்.

சண்டை எந்த நேரத்தில் வருகிறது என்று நோட்டில் குறியுங்கள். எங்கள் ஆறாம் வகுப்பில் மூன்றாம், நான்காம் பீரியடில்தான் அதிகம் வந்தது. விசாரித்தபோது காரணம் பசி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்றிலிருந்து ஐந்து வரைதான். ஐந்தாவது வரைக்கும் பள்ளியில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறது. அம்மா அப்பா விடியற்காலையே வேலைக்குப் போயிருப்பார்கள். அங்கே விதியைப் பேசிப் பயன் இல்லை. யார் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று காலையிலேயே தனியாகக் கேட்டுக்கொள்வதும், கடினமான பாடத்தை முதல் பீரியடுக்கு மாற்றுவதும்தான் உதவின.

ஒன்று மட்டும் வகுப்பு விதிக்கு அப்பாற்பட்டது. ஒரு பிள்ளை பாலியல் தொந்தரவைப் பற்றிச் சொன்னால், அதை நீங்களே விசாரித்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். போக்சோ சட்டம், 2012, 19ஆவது பிரிவின்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

நீங்களே விதியை மீறும் நாளும் வரும். ஒரு நாள் ஒரு பிள்ளை பேசி முடிப்பதற்குள் நான் குறுக்கே பேசிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, சார்ட்டைப் பார்த்தாள். ‘தப்புத்தான் கண்ணு, நீங்க முழுசாச் சொல்லுங்க’ என்றேன். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகுதான் அந்த வகுப்பு விதிகளை நம்பியது என்று நினைக்கிறேன்.

6. வேலைகளைப் பங்கிடுதல்

இதை விதிக்குப் பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. ‘பேரைச் சொல்லிக் கூப்பிடோணும்’ என்று ஒத்துக்கொண்ட வகுப்பில்தான் வேலையைச் சமமாகப் பிரிக்க முடியும்.

கூட்டுவது, கரும்பலகை துடைப்பது, தண்ணீர் எடுத்து வைப்பது, நோட்டு சேர்ப்பது, சன்னல் சாத்துவது. எல்லாவற்றையும் வருகைப்பதிவேட்டு எண் வரிசையில் வாரா வாரம் சுழற்றுங்கள். ‘யாராவது வந்து கூட்டுங்க’ என்று சொன்னால் எழுந்து வருவது எப்போதும் அதே நாலு பிள்ளைகள்தான். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நம் ஊரில் எந்த வீதிப் பிள்ளை எந்த வேலை செய்யும் என்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. நாம் யோசிக்காமல் விட்டால் அது வகுப்புக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதேபோல, கூட்டுவது பெண்களுக்கு, பெஞ்சு தூக்குவது பையன்களுக்கு என்று பிரிக்க வேண்டாம்.

கழிப்பறை கழுவும் வேலையை எந்தப் பிள்ளைக்கும், எந்தக் காரணத்துக்காகவும், தண்டனையாகவும் கொடுக்கக் கூடாது. அது பிள்ளைகளின் வேலை இல்லை.

பெஞ்சு இடமும் மதிய உணவு வரிசையும் இதே மாதிரி சுழலட்டும்.

ஒரு அப்பா வந்து, ‘எம்பட பையன் கூட்டோணுங்களா டீச்சர்?’ என்று கேட்டார். ‘எல்லாரும் முறை வெச்சுச் செய்யறாங்கங்க. வர்ற வாரம் என்ற முறை, நானும் கூட்டறேனுங்க’ என்றேன். பட்டியலில் என் பெயர் இருந்ததைக் காட்டினேன். அவர் மறுபடி வரவில்லை. பட்டியலில் உங்கள் பெயர் இல்லாமல் இந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

7. வீட்டுக்குச் சொல்லுதல்

முதல் போன் புகாராக இருக்கக் கூடாது. ஜூலை 15க்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தியாவது போக வேண்டும். ‘உங்க பிள்ளை இன்னைக்குப் பக்கத்துல இருந்தவனுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்தானுங்க’ என்று ஒரு வரி. பள்ளியிலிருந்து போன் வந்தாலே பயப்படுகிற வீடுகள் அதிகம். பின்னால் ஒரு பிரச்சினையைச் சொல்ல வேண்டி வரும்போது, இந்த முதல் போன்தான் அவர்களைக் காது கொடுத்துக் கேட்க வைக்கும்.

நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். மில்லிலும் தறியிலும் ஷிப்டு வேலை. காலை 11 மணிக்குப் பள்ளிக்கு வரச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும். பல வீடுகளில் அம்மிச்சியோ அப்பாரோதான் (பாட்டியோ தாத்தாவோ) பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் நேரில் பேசுவது நல்லது. விதிகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை பிள்ளைகளை விட்டே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

‘ரெண்டு போடுங்க டீச்சர், அப்பத்தான் திருந்துவான்’ என்று கையெடுத்துச் சொல்லும் பெற்றோர் உண்டு. அக்கறையில் சொல்கிறார்கள், வாதாட வேண்டாம். அடிக்காமல் என்ன செய்கிறீர்கள் என்பதை ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள்.

8. வருடம் முழுக்கக் கொண்டுபோவது

வெள்ளிக்கிழமை கடைசி 10 நிமிடம் இதற்கு. இந்த வாரம் எந்த விதி நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை. ஆட்கள் பெயர் வேண்டாம், விதியைப் பற்றி மட்டும் பேசுங்கள். தொடர்ந்து நான்கு வாரம் ஒரு விதி தேவைப்படாமல் இருந்தால் எடுத்துவிட்டு, தேவையான இன்னொன்றை எழுதலாம்.

பாராட்டும்போது நடந்ததைச் சொல்லுங்கள். ‘நல்ல பையன்’ என்றால் அவனுக்கு எதுவும் புரிவதில்லை, மற்றவர்கள் கெட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். ‘கீழே விழுந்த டப்பாவைக் குனிஞ்சு எடுத்துக் குடுத்ததைப் பார்த்தேனுங்க’ என்றால் எதைத் திரும்பச் செய்யலாம் என்று எல்லாருக்கும் தெரியும். நட்சத்திரம் ஒட்டுகிற பட்டியல் நான் இரண்டு வருடம் வைத்துப் பார்த்து நிறுத்திவிட்டேன். ஆகஸ்டிலேயே கடைசியில் இருக்கும் பிள்ளைகள் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதை விட்டுவிடுகிறார்கள்.

காலாண்டு, அரையாண்டு, பொங்கல் விடுமுறைக்குப் பின்னும், ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா) முடிந்து வரும் முதல் நாளிலும் நடைமுறைகளை மறுபடி பழக்குங்கள், முதல் வாரத்தில் செய்த மாதிரியே. சைகையிலிருந்து ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மறந்துபோனதற்காகக் கோபப்பட வேண்டாம். பத்து நாள் ராட்டினமும் கம்பத்தாட்டமும் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் அவர்கள்.

வருட நடுவில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். வேலை தேடி இடம் மாறும் குடும்பங்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பங்கள். புதுப் பிள்ளைக்கு விதிகளை நீங்கள் படித்துக் காட்டாதீர்கள். ஒரு பிள்ளையைத் துணையாகப் போட்டு, அட்டை எங்கே, நோட்டு எங்கே, சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். துணைப் பிள்ளை எந்த விதிக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிறதோ, அதை நோட்டில் குறித்துக்கொண்டு மறுநாள் காலை முதல் பீரியடில் வகுப்பு முழுக்க மறுபடி நடத்துங்கள்.